இருபத்து மூன்றை 203 என்று எழுதுகிறதா குழந்தை? ஈர்க்குச்சியில் தொடங்குங்கள்

"இருபத்து மூன்று எழுது" என்றால் 203 என்று எழுதும் பிள்ளைகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் நிறையப் பேர் உண்டு. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பெடுத்தபோது இதைத்தான் அடிக்கடி பார்த்தேன். ஒரு சின்னப் பெண் காரணத்தையும் சொன்னாள்: "இருபது எழுதிட்டேன் அக்கா, பக்கத்துல மூணு எழுதிட்டேன். சரிதானே?" காதில் விழுந்ததை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறாள். பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்தாகும், அந்தப் பத்துக்குத் தனி இடம் உண்டு என்பதை யாரும் அவள் கையில் கொடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கணக்குச் சொல்லிக்கொடுத்து அனுபவமில்லாத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எண்ணுவதில் தொடங்கி ஈரிலக்கக் கழித்தல் வரை போகலாம். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்க வைப்பது, எண் வடிவங்களை எழுதிப் பழக்குவது இரண்டையும் இங்கே சொல்லவில்லை. அதைப் பள்ளியிலேயே நன்றாகச் செய்கிறார்கள்.

எது வரை போக வேண்டும்?

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் வகுப்புவாரியாக இலக்கு வைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முடியும்போது 99 வரை படிக்க, எழுத வேண்டும், எளிய கூட்டல் கழித்தல் செய்ய வேண்டும். இரண்டாம் வகுப்பில் 999 வரை எண்கள், 99 வரையான எண்களில் கழித்தல். மூன்றாம் வகுப்பில் 9999 வரை எண்கள், எளிய பெருக்கல் கணக்குகள். தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. உங்கள் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வீட்டுக்கும் சரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையானாலும் 203 என்று எழுதினால் தொடங்க வேண்டிய இடம் ஈர்க்குச்சிதான்.

என்னென்ன வேண்டும்?

தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து நூறுக்குக் கொஞ்சம் மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டுகள், ஒரு பிடி புளியங்கொட்டை, ஆறு பக்கப் பகடை ஒன்று, சாக்பீஸ், பழைய தினசரி காலண்டரின் தடித்த அட்டை. கடையில் வாங்க வேண்டியது பகடை மட்டும்தான். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் புளியங்கொட்டையை எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வையுங்கள். வாயில் போட்டுக்கொள்வார்கள்.

பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டு போடுவதற்குப் புளியங்கொட்டை உதவாது, ஈர்க்குச்சியை விட்டுவிடாதீர்கள். ஆணிகளில் மணி கோத்து எண்ணும் ஆணிமணிச்சட்டத்தைக் (அபாகஸ்) கேட்டுச் சிலர் கடைக்குப் போகிறார்கள். அதை இப்போது வாங்காதீர்கள். அதில் பத்துகள் ஆணியில் இருக்கும் மணியும் ஒன்றுகள் ஆணியில் இருக்கும் மணியும் ஒரே அளவு. ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு இரண்டுமே ஒரு மணிதான். ஈர்க்குக் கட்டு ஒற்றைக் குச்சியைவிட நன்றாகத் தடிமனாக இருக்கும், பிரித்தால் உள்ளே பத்துக் குச்சியும் இருக்கும். பத்து ரூபாய் நோட்டுக்கும் இதே சிக்கல் உண்டு, நோட்டைப் பிரித்துப் பார்க்க முடியாது. கட்டு பழகிய பிறகு நோட்டும் நாணயமும் கொடுங்கள், அதற்கும் பிறகு மணிச்சட்டம். வரிசை மாறினால் பிள்ளை விதியை மனப்பாடம் செய்துவிடும், பத்தைப் பார்க்காது. கைபேசிச் செயலிகளையும் இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையில் கட்டு தானாகவே போட்டுக்கொள்கிறது. கட்டைப் போட வேண்டியது பிள்ளையின் விரல்.

படி 1: எண்ணத் தெரிகிறதா, சொல்லத் தெரிகிறதா?

புளியங்கொட்டைகளில் ஏழு எட்டை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அடுத்து, குவியலைக் காட்டி "எனக்கு ஆறு கொட்டை எடுத்துத் தா" என்று கேளுங்கள். ஆறில் நிறுத்தாமல் அள்ளிக்கொண்டே போகும் பிள்ளை நூறு வரை ஒப்பித்தாலும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் சார்லஸ் காலிஸ்டலும் 1978-இல் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளைப் பிரித்துச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்ணே மொத்தம், எதையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம். வீட்டில் பார்க்க வேண்டியவை முதலாவதும் மூன்றாவதும். மற்றவை எண்ணப் பழகும்போதே கூடவே வந்துவிடும். பல்லாங்குழி இருந்தால் எடுத்து வையுங்கள். குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போவது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பதற்கு நல்ல பயிற்சி.

படி 2: பத்தின் ஜோடிகள்

அட்டையில் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டங்கள் வரையுங்கள். அதில் ஏழு கொட்டை வைத்து, "பத்தாக இன்னும் எத்தனை?" என்று கேளுங்கள். காலிக் கட்டங்களே விடை சொல்லும். 9-1, 8-2, 7-3, 6-4, 5-5. இந்த ஜோடிகள் யோசிக்காமல் நாக்கில் வரும் வரை விளையாடுங்கள். ஓர் எண்ணை மனதில் வைத்து மற்றதை விரலில் எண்ணுவதையும் இங்கேயே பழக்கலாம். 5 + 3 என்றால் மனசுல அஞ்சு, விரல்ல மூணு, அஞ்சுக்கு அப்புறம் ஆறு, ஏழு, எட்டு. பெரிய எண்தான் மனதுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துங்கள். விரலை மடக்கி எண்ணுவதைத் தடுக்காதீர்கள், ஜோடிகள் பழகியதும் விரல் தானாகவே விலகிவிடும்.

படி 3: பத்துக்கட்டு

பெரும்பாலான பிள்ளைகள் நிற்பது இந்தப் படியில்தான். இதற்கு வாரக்கணக்கில் நேரம் கொடுங்கள், ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும்.

தரையில் சாக்பீஸால் இரண்டு பெரிய கட்டம் போடுங்கள். இடது பக்கம் பத்து வீடு, வலது பக்கம் ஒன்று வீடு. குழந்தைக்கு வலதும் இடதும் குழம்பாதபடி நீங்களும் அதே பக்கத்தில், அதன் தோளை ஒட்டி உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்கள் இடது அதற்கு வலது.

விளையாட்டு இதுதான். பகடையை உருட்டி, விழுந்த அளவுக்குக் குச்சி எடுத்து ஒன்று வீட்டில் வைக்க வேண்டும். ஒன்று வீட்டில் ஒன்பதுக்கு மேல் தங்கக் கூடாது. பத்து சேர்ந்த உடனே ரப்பர் பேண்ட் போட்டு, கட்டைப் பத்து வீட்டுக்கு மாற்ற வேண்டும். முதலில் ஐந்து கட்டு சேர்ப்பவருக்கு வெற்றி. ரப்பர் பேண்டை இரண்டாம் சுற்று சுற்ற வராத பிள்ளைக்கு நீங்கள் உதவலாம், ஆனால் பத்தை எண்ணி எடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு முறை கட்டு மாறும்போதும் "இப்ப உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேளுங்கள். "ரெண்டு கட்டு, மூணு குச்சி" என்று வர வேண்டும். பிறகுதான் "அதைத்தான் இருபத்து மூணுன்னு சொல்றோம்." எழுத்து இன்னும் வேண்டாம்.

இது சரளமானதும் திருப்பி விளையாடுங்கள். ஐந்து கட்டோடு தொடங்கி, பகடையில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு விழுந்தால் கையில் உதிரிக் குச்சியே இல்லையே, என்ன செய்வது? ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். இந்தத் திருப்பி விளையாட்டைத் தவிர்க்காதீர்கள். கழித்தல் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

படி 4: அட்டைகள்

203 சரியாவது இங்கேதான். காலண்டர் அட்டையில் 1 முதல் 9 வரை 4 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்பது அட்டைகள். 10, 20, 30 என்று 90 வரை 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்பது அட்டைகள். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 8 சென்டிமீட்டர் அட்டையில் ஒவ்வோர் இலக்கமும் தன் 4 சென்டிமீட்டருக்குள் சரியாக நிற்க வேண்டும். இந்த அளவு பிசகினால் அட்டை பயனற்றது, ஸ்கேல் வைத்தே கோடு போடுங்கள்.

இப்போது தரையில் இரண்டு கட்டும் மூன்று குச்சியும் வையுங்கள். கட்டுகளுக்குக் கீழே 20 என்ற அட்டை, குச்சிகளுக்குக் கீழே 3 என்ற அட்டை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினால் 203 என்று தெரியும். பிள்ளை எழுதியது இதுவேதான், அதைப் பாராட்டிச் சொல்லுங்கள்: "நீ கேட்டதைச் சரியாத்தான் எழுதியிருக்க." பிறகு 3 அட்டையைத் தூக்கி, 20-இன் பூஜ்யத்தின் மேல் வலது ஓரம் பொருந்தும்படி வையுங்கள். 23. அட்டையைத் தூக்கி "கீழே என்ன ஒளிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். பூஜ்யம் தெரியும், இருபது தெரியும். மூடித் திறந்து, மூடித் திறந்து பிள்ளையே பலமுறை செய்யட்டும். பூஜ்யம் எங்கும் போய்விடவில்லை, உதிரிக் குச்சிகள் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பது கைக்குத் தெரிந்த பிறகு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்று கட்டு வைத்து, உதிரி எதுவும் வைக்காமல் ஒருமுறை கேளுங்கள். மூட அட்டை இல்லை, பூஜ்யம் திறந்தே இருக்கிறது. 30.

படி 5: கூட்டலும் கழித்தலும்

27 + 15. இரண்டு கட்டு ஏழு குச்சி, ஒரு கட்டு ஐந்து குச்சி. உதிரிகள் 12 ஆகின்றன, ஒன்று வீட்டின் விதிப்படி பத்தைக் கட்டி இடது பக்கம் அனுப்ப வேண்டும். நான்கு கட்டு, இரண்டு குச்சி, 42. பாடநூல் இதைத்தான் இனமாற்றம் என்கிறது.

42 − 17 என்று கொடுத்தால் 35 என்று வருவது வழக்கமான தவறு. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். உடனே குச்சிக்குப் போங்கள். நான்கு கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி கொடு. இல்லையே? ஒரு கட்டைப் பிரி. இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழைக் கொடுத்தால் மீதி ஐந்து, ஒரு கட்டைக் கொடுத்தால் மீதி இரண்டு கட்டு. 25. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லாமல் "கட்டைப் பிரி" என்றே சொல்லுங்கள், கையில் நடப்பது அதுதானே. பிரித்த பிறகும் மொத்தம் 42 குச்சிகள்தானா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க விடுங்கள். சில பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் உள்ளூர இருக்கும், வாய் விட்டுக் கேட்க மாட்டார்கள்.

பெருக்கலுக்கு இப்போதே அவசரம் வேண்டாம். முப்பது முட்டை கொள்ளும் அட்டையைக் காட்டி "ஒரு வரிசையில் ஆறு, இப்படி ஐந்து வரிசை" என்று எண்ண வைத்தால் போதும்.

பின்சேர்க்கை: ஆங்கிலவழியில் படிக்கும் மகன் ஃபோர்டீன் என்றால் 41 என்று எழுதுகிறான் என்று ஒரு தாயார் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் நான்கு முதலில் காதில் விழுகிறது, பத்து பிறகு வருகிறது. 13 முதல் 19 வரை எல்லாமே அப்படித்தான். தமிழில் பதினான்கு என்னும்போது பத்து முன்னால் நிற்கிறது. அதனால் ஒரு கட்டும் நான்கு குச்சியும் வைத்து, முதலில் "பத்தும் நாலும் பதினாலு" என்று தமிழில் சொல்ல வையுங்கள், 10 அட்டைமேல் 4 அட்டையை வைக்கட்டும், கடைசியில் ஆங்கிலப் பெயரைச் சேருங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: 89-க்குப் பிறகு தடுமாறுகிறார்கள் என்று பலர் எழுதியிருந்தீர்கள். இருபது, முப்பது என்று பத்துகளின் பெயர் ஒரே போக்கில் போய்க்கொண்டிருக்க, தொண்ணூறு திடீரென்று நூறைப் போல ஒலிக்கிறது. பெயரைச் சொல்வதற்கு முன் ஒன்பது கட்டுகளை அடுக்கி எண்ண வையுங்கள், 90 அட்டையைக் கீழே வையுங்கள், அதன் பிறகு பெயர் சொல்லுங்கள். பத்தாவது கட்டு வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டி, பத்து வீட்டுக்கும் இடது பக்கம் புதிதாக ஒரு நூறு வீடு போடுங்கள். 100 அட்டை 12 சென்டிமீட்டர் அகலம். நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளைக்கு 100 அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 5 அட்டையை வைக்கச் சொல்லி, நடுவில் திறந்திருக்கும் பூஜ்யம் எந்த வீட்டுடையது என்று கேளுங்கள்.