நான்கு சக்கரமும் இழுக்க, பின்பக்கம் வழுக்க: லெகோவில் ஒரு டிரிஃப்ட் கார்

வீட்டுக் கூடத்தில் வழவழப்பான டைல்ஸ் தரை இருந்தால், வளைவில் பின்பக்கம் வழுக்கியபடி ஓடும் டிரிஃப்ட் காருக்கான பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மீதிப் பாதியை லெகோ டெக்னிக் துண்டுகளில் கட்டும் முறையை இங்கே விளக்குகிறேன். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி இயல்பாகவே நேராக ஓடத்தான் பார்க்கும். அதைப் பக்கவாட்டில் வழுக்க வைக்க மோட்டார் எவ்வளவு வலுவானது என்பதைவிட, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைக் காட்டிலும் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்பதே முக்கியம். இந்த வித்தியாசத்தைப் பல்சக்கரங்களின் மூலம் முதலிலேயே கட்டமைத்துவிட வேண்டும்.

வண்டியின் நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு ஷாஃப்ட் (சுழல்தண்டு) போதும். அதன் இரு முனைகளிலும் 12 பல் கொண்ட சாய்பல் கியரைப் பொருத்துங்கள். முன்புறக் கியர் 28 பல் கொண்ட டிஃபரன்ஷியலை, அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பை, சுழற்றட்டும்; பின்புறத்தில் டிஃபரன்ஷியல் வேண்டாம், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சில் 20 பல் கியரை மாட்டிவிடுங்கள். ஷாஃப்ட் ஒன்றே என்பதால், 28-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைக்கும் 1.4 மடங்கு வேகத்தில் பின்சக்கரங்கள் எப்போதும் சுழலும். தரையில் ஓடும்போது ஏதாவது ஒரு ஜோடி வழுக்கித்தான் ஆக வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அது பின் ஜோடியாக இருக்கும். பின்னால் டிஃபரன்ஷியல் இல்லாததால் வளைவில் உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்று, பிடியை இன்னும் எளிதாக இழக்கும். முன்னால் டிஃபரன்ஷியல் அவசியம். இல்லையெனில் திருப்பும்போது வண்டி முக்கிக்கொண்டு நிற்கும்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் அமைந்திருக்கும்போது, முன்புறப் பெரிய கியர் ஷாஃப்டின் இடப்பக்கம் இருந்தால் பின்புறக் கியர் வலப்பக்கம் இருக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டேன். மோட்டாரை இயக்கியதும் முன்சக்கரங்கள் முன்னோக்கியும் பின்சக்கரங்கள் பின்னோக்கியும் சுழல, வண்டி தரையில் நின்ற இடத்திலேயே நடுங்கியது. அரை மணி நேரம் பேட்டரியைக் குறை சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது. ஆகையால் மேற்கூடு எதையும் கட்டுவதற்கு முன்பே வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து, நான்கு சக்கரங்களும் ஒரே திசையில் சுழல்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்போதே கியர்கள் சந்திக்கும் இடங்களை இருபுறமும் பீம்களால் இறுக்கமாகக் கட்டிவிடுவது நல்லது. அச்சு சற்று வளைந்தாலும் பற்கள் தாண்டி ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கும்.

மோட்டாருக்கு லெகோவின் பழைய பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையைச் சேர்ந்த எல் மோட்டார் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். சுமையில்லாமல் 9 வோல்ட்டில் அது நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று சுழலும். ஒவ்வொரு மோட்டாரிலும் 20 பல் கியரை மாட்டி, ஷாஃப்டின் நடுவிலுள்ள 12 பல் கியரை இருபுறமிருந்தும் சுழற்றினால், மேலே சொன்ன 12-க்கு 20 என்ற குறைப்புக்குப் பின் பின்சக்கரங்கள் மீண்டும் அதே 390 சுற்றுக்கு வந்துவிடும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு அது நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகம், அதாவது ஒரு கூடத்துக்கு ஏற்ற வேகம். ஆறு சாதாரண ஏஏ பேட்டரிகள் 9 வோல்ட் தரும். ரீசார்ஜ் செய்யக்கூடியவை 7.2 வோல்ட்தான் என்பதால் வண்டி சற்று மெதுவாக ஓடும். ஆனாலும் வாரந்தோறும் ஓட்டுபவர்கள் சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போய் அவற்றையே வாங்கிவிடுவதுதான் செலவுக்குக் கட்டுப்படியாகும்.

இனி டயர். லெகோவின் ரப்பர் டயர் டைல்ஸைப் பிடித்துக்கொண்டு விடாது. எனவே அதன்மேல் வழுக்கும் வளையம் ஒன்றை மாட்ட, பக்கத்து ஹார்டுவேர் கடையில் 50 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிவிசி பைப்பின் மிச்சத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பைப்பின் தடிமனைப் பொறுத்து உள்விட்டம் மாறும் என்பதால் 43.2 மில்லிமீட்டர் டயர் ஒன்றைக் கையோடு கொண்டு போய்ப் பொருத்திப் பார்ப்பது உத்தமம். பைப்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஓரம் சேரும்படி சுற்றி, அந்த ஓரத்தையொட்டிக் கோடு போட்டு, 20 மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு வளையங்களை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். டயர்மீது இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டே வந்து, கட்டைவிரலால் அழுத்தினால்தான் டயர் வளையத்துக்குள் போகும் என்ற நிலையில் நிறுத்துங்கள். ஒரு வளையம் கோணலாக இருந்தாலும் வண்டி நொண்டும்.

ஸ்டீயரிங்குக்கு, வேண்டிய கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் போதும். முன்சக்கரங்கள் தாராளமாகத் திரும்ப வேண்டும், ஆனால் திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கடத்தும் யூனிவர்சல் ஜாயின்ட் திணறாமல் சுழலும் எல்லையைத் தாண்டக் கூடாது; அந்த எல்லையைக் கையால் சுழற்றிப் பார்த்தே கண்டுபிடியுங்கள்.

பேட்டரிப் பெட்டியை நடுவில், தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். பின்பக்கம் மிக எளிதாகச் சுற்றி வண்டி முழு வட்டம் அடித்தால் பின் அச்சுக்கு மேலேயும், நேராகவே போனால் முன்பக்கமும் சிறிது எடை சேர்க்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்துவது 9 கிராம் எடையுள்ள பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். ஒன்று ஒன்றாக டேப்பில் ஒட்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஓட்டும்போது முழு வேகத்தில் சென்று, திருப்பி, பின்பக்கம் விலகத் தொடங்கிய கணத்தில் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். வேகத்தை மட்டும் குறைக்க வேண்டாம். மொட்டை மாடித் தளம் சொரசொரப்பானது, வளையங்களைத் தேய்த்துவிடும். வீட்டுக்குள் ஓட்டினாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பின் அச்சில் தலைமுடி நூல்கண்டுபோலச் சுற்றியிருக்கும், அதைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம்.