ரீகால் வந்த வண்டி: எங்கே கோட்டை விடுகிறோம்?

"வண்டி நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் போய்க் கழற்றணும்?" ரீகால், அதாவது விற்ற வண்டியில் உள்ள குறையைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைப்பது, என்றதும் பலர் வாயில் முதலில் வருவது இதுதான். முதல் தவறும் இதுதான். ஓட்டும்போதே தெரிகிற கோளாறு என்றால் நீங்களே ஷோரூமுக்குப் போயிருப்பீர்கள். பெரும்பாலும் வெளியே தெரியாத குறைக்குத்தான் நிறுவனம் கூப்பிடுகிறது.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வெக்கையும் ஈரப்பதமும் வருஷக்கணக்கில் பட்டால் அது கெட்டுப்போகும். விபத்து நடக்கும்போது அளவுக்கு மீறி வேகமாக எரிந்து, உலோகக் கூட்டையே பிளந்து, சில்லுகளை ஓட்டுபவரின் முகத்திலும் கழுத்திலும் அடிக்கும். அதுவரை டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாது. வண்டிக்கு வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஹோண்டா, 2007 முதல் 2013 வரை தயாரான சிட்டி, ஜாஸ் போன்ற கார்களில் ஒரு பகுதியை இந்தியாவில் 2019இல்கூட இதற்காக அழைத்தது. ஆகவே "பழைய வண்டிக்கு எதுக்கு இதெல்லாம்" என்பது தலைகீழ்க் கணக்கு. வாரன்டி முடிந்துவிட்டதே என்றும் தயங்க வேண்டாம். ரீகால் வேலை வேறு, வாரன்டி வேறு.

அடுத்தது, செய்தியில் மாடல் பெயரை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,36,966 பைக்குகளை அழைத்தது. புல்லட் வைத்திருந்த எல்லோருக்கும் அது பொருந்தவில்லை. குறிப்பிட்ட சில மாதங்களில் தயாரானவற்றுக்கு மட்டும்தான். அவற்றிலும் பத்து சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்கே காயிலை மாற்ற வேண்டியிருக்கும் என்று நிறுவனம் சொன்னது. உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சொல்வது சேஸ் நம்பர்தான்.

அது ஆர்சியில் இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 17. நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அடித்துப் பார்க்கலாம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் பூஜ்ஜியம், நேர்கோடாகத் தெரிந்தால் ஒன்று. இதை மாற்றி அடித்துவிட்டு "நம்ம வண்டி லிஸ்ட்லயே இல்ல" என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள்.

அதிகம் மாட்டிக்கொள்வது செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள்தான். கடிதமும் எஸ்எம்எஸ்ஸும் நிறுவனத்தின் பதிவில் உள்ள முகவரிக்கும் எண்ணுக்கும் போகும். பல சமயம் அது முதல் ஓனருடையது. ஆனால் ரீகால் வண்டியைச் சேர்ந்தது. இப்போது யார் பெயரில் இருந்தாலும் இலவசம்தான். தெருமுனை மெக்கானிக் கைராசிக்காரராக இருக்கலாம் (பல சர்வீஸ் சென்டர்களைவிட நன்றாகவே வேலை செய்வார்), ஆனால் ரீகால் விவரம் அவருக்கு வராது. வெளியே சர்வீஸ் விடுகிறவர்கள் அவ்வப்போது தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, பட்டியலில் வண்டி இருக்கிறது. முதலில் ஃபோன் பண்ணி பார்ட் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வீண் அலைச்சல். ஓட்டவே வேண்டாம் என்று அறிவிப்பு சொன்னால், அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடாமல் வண்டியை வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் ரீகால் வேலை தனி வரியாக, தொகை பூஜ்ஜியம் என்று இருக்க வேண்டும். ஆயில் மாற்றியதோடு சேர்த்து ஒரே பில்லாகப் போட்டால் மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு விற்கும்போது அதுதான் அத்தாட்சி.

ரீகாலே அறிவிக்காத குறை என்றால்? ஃபேஸ்புக்கில் கொட்டித் தீர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது இங்கே நடக்கும் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 110ஏ பிரிவு, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளோடு நடைமுறையில் இருக்கிறது. ஏழு வருஷத்துக்குட்பட்ட வண்டிகளில் ஒரே குறை பற்றிய புகார்கள் விற்பனைக்கேற்ற ஓர் அளவைத் தொட்டால், மத்திய அரசு விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிடலாம். நிறுவனத்துக்கு அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஆனால் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தின் ரீகால் பகுதியில் பதிவானால்தான் உங்கள் புகார் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் வண்டிக்கு மட்டும் தீர்வு வேண்டுமென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். "பார்க்கிறோம் சார்" என்று சர்வீஸ் சென்டர் சொல்லிக்கொண்டே இருக்கையில் அந்தக் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும்.