மிளா பார்க்க மலையேறும் முன்: துணியும் சாமானும்

புரட்டாசி பிறந்து தென்மேற்கு மழை ஓய்ந்ததும் குமரி மாவட்டத்து மலைகளுக்கு ஒரு குறுகிய இடைவெளி கிடைக்கும். ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடிக்கும்வரை அதுதான் நடப்பதற்கான காலம். வேட்டை 1972 வனவுயிர்ச் சட்டத்தோடு முடிந்த கதை. உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்து வீட்டில் வைப்பதுகூடக் குற்றம். ஆகவே இங்கே சொல்வது பைனாகுலரோடு போகிறவர்களுக்கு மட்டும். ஆனால் மிளா என்கிற கடமானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூக்கும் காதும் நம்மைக் கண்டுபிடித்த நொடியில் முன்காலைத் தரையில் தட்டி, ஒரு கூப்பாடு போட்டுவிட்டுச் சரிவில் இறங்கிவிடும்.

வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாவட்டத்தில் காளிகேசம் – பாலமோர், இஞ்சிக்கடவு – கோதையாறு என்ற இரண்டு தடங்கள் இருக்கின்றன. இரண்டும் பகல் நடைதான். இரவு தங்கல் கிடையாது. கூடாரம், அடுப்பு பற்றியெல்லாம் யோசிக்க வேண்டாம். மழை பலமாக இருந்தால் தடத்தை மூடிவிடுவார்கள். கிளம்பும் நாளில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நனையாமல் நடந்துவிடலாம் என்று நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். இந்த மலைகளின் ஈரத்தில் வெளியிலிருந்து மழை, உள்ளிருந்து வியர்வை. இரண்டில் ஒன்று கட்டாயம் நனைக்கும். நனைந்தாலும் சீக்கிரம் காயும் துணியைப் போட்டுக்கொண்டு, பைக்குள் ஒரே ஒரு செட்டை மட்டும் துளி ஈரம் படாமல் காப்பாற்றுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் இதைச் சுற்றித்தான்.

உடுப்பு

ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் கனக்கும், முட்டியில் இழுக்கும், சாயங்காலம்வரை காயாது. பருத்தி பனியனும் அப்படியே. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். நாகர்கோவிலில் 25 டிகிரியாக இருக்கும் விடியற்காலை, ஆயிரம் மீட்டர் மேலே 19-ஐ ஒட்டி நிற்கும். அந்தக் குளிர் ஒன்றுமில்லை. ஈரப் பருத்தி முதுகில் ஒட்டியிருக்க, புல்மேட்டில் காற்றும் அடிக்கும்போதுதான் பல் கிட்டும். நம் கடற்கரைப் பையன்கள் பந்து விளையாடப் போடும் பாலியஸ்டர் ஜெர்சி உள்ளே போட நல்லது. அதற்கு மேல் ஒரு அளவு பெரிதான முழுக்கைச் சட்டை. பேன்ட் நைலான் கலந்த, கால் நுனி இறுக்கமான ரகம். துப்பட்டாவும் தொங்கும் கயிறும் பிரம்புமுள்ளில் மாட்டும், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளாடையும் பாலியஸ்டராக இருக்கட்டும். ஈரப் பருத்தி தொடையை உரசிப் புண்ணாக்கினால் இறங்கும்போது ஒவ்வொரு அடியும் வேதனை. வாசனையில்லாத வாசலின் முன்கூட்டியே தடவிக்கொள்ளலாம்.

துணி வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: கைப்பகுதியைக் காதருகே வைத்துத் தேயுங்கள். 'சர சர' என்று கேட்டால் காட்டில் அது பத்து மடங்காகக் கேட்கும். விலை அதிகமான விண்ட்சீட்டர்களில் பாதி இங்கேயே தோற்றுவிடும்.

நிறத்தில் காய்ந்த புல், மண், பாசிப்பச்சை எல்லாம் சரி. மான் வகைகளின் கண் சிவப்பையும் ஆரஞ்சையும் மங்கலாகத்தான் பார்க்கும். நீலமும் வெள்ளையும்தான் அதற்கு எடுப்பாகத் தெரியும். அதனால் வெள்ளைத் தொப்பியும் நீல ரெயின்கோட்டும் வேண்டாம். ராணுவப் புள்ளித்துணியும் வேண்டாம். மிளாவுக்காகச் சொல்லவில்லை, சோதனைச்சாவடியில் தேவையில்லாத கேள்வி வரும்.

'பளிச்' வெண்மை தரும் சலவைத்தூளில் ஒளியேற்றும் ரசாயனம் இருக்கும். அது காக்கித் துணியையும் மானின் கண்ணுக்கு நீலமாக மினுக்கச் செய்யும். சொட்டுநீலமும் கூடாது. பத்துப் பன்னிரண்டு பூந்திக்கொட்டையை விதை நீக்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பிசைந்து வடிகட்டி, ஒரு வாளி தண்ணீரில் கலந்து துவைத்து, இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். மீன் வறுக்கும் அடுக்களைப் பக்கம் காயப்போடாதீர்கள். காய்ந்ததும் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். பாச்சா உருண்டை கிடக்கும் அலமாரியில் வைத்தால் துவைத்ததே வீண்.

அட்டைக்கு உறை

ஈர மாதத்தில் அட்டை இல்லாத தடம் கிடையாது. சாதாரணச் சாக்ஸ் பின்னல் துணி; கண்ணி வழியாக அட்டை மெலிந்து உள்ளே போய்விடும். நெருக்கமாக நெய்த பாப்ளின் துணியில், முழங்கால்வரை வரும் உறை தைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒன்றரை மீட்டர் தாராளம். தையல்காரர் செய்யும் வழக்கமான தவறு, கணுக்கால் சுற்றளவை வைத்து வெட்டுவது. நெய்த துணி இழுபடாது. குதிகால் உள்ளே போகவே போகாது. குதிகாலிலிருந்து புறங்கால் மேடுவரை டேப்பைச் சுற்றி அளந்து, அதோடு 3 சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லுங்கள். பாதத்துக்கு அடியில் தையல் வரக் கூடாது. வந்தால் ஐந்தாவது கிலோமீட்டரில் கொப்புளம். மேல் விளிம்பில் நாடா கோக்க மடிப்பு விடுங்கள், எலாஸ்டிக் வேண்டாம். நாள்முழுக்க ரத்த ஓட்டத்தை இறுக்கும். நிறம் பிஸ்கட் அல்லது வெளிறிய காக்கி, ஏறிவரும் அட்டை கண்ணில் படும்.

போடும் வரிசை: முதலில் சாக்ஸ், அதன்மேல் பேன்ட் நுனி, அதையும் மூடி அட்டை உறை, கடைசியில் ஷூ. புகையிலை ஊறவைத்த தண்ணீரை உறையின் வெளிப்புறத்தில் தெளித்துக் காயவைப்பது பழைய வழக்கம், வேலை செய்யும். ஆனால் ஈரத்தோலில் நேராகத் தடவாதீர்கள். நிகோட்டின் தோல்வழி இறங்கித் தலைசுற்றலும் வாந்தியும் வரும். உப்பு மழையில் கரைந்தோடிவிடும். கடித்துவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கம் சுரண்டி எடுங்கள். தீக்குச்சி வைத்தால் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும். ரத்தம் உறையாமலிருக்க அட்டை விடும் பொருளால் சிறிது நேரம் கசியும். சுத்தத் துணியை வைத்து அழுத்தினால் போதும்.

ஷூ

புதிய ஷூவோடு வராதீர்கள். குறைந்தது மூன்று வாரம் வீட்டிலும் சந்தையிலும் போட்டு நடந்திருக்க வேண்டும், கடைசி வாரம் பையின் எடையோடு. அடியில் 4, 5 மில்லிமீட்டர் ஆழப் பற்கள் தேவை. பாசிபடிந்த பாறையில் எந்த ஷூவும் வழுக்கும்தான். கடினமான பிளாஸ்டிக் அடிப்பாகம் நிற்கவே நிற்காது, மென்மையான ரப்பர் ஓரளவு பிடிக்கும்.

அலமாரியில் மூன்று நான்கு வருஷம் கிடந்த ஷூவை நம்பவேண்டாம். இடையிலுள்ள பாலியூரித்தேன் அடுக்கு நம்ம ஊர் ஈரத்தில் தானாகவே சிதைந்துபோகும். வெளியே புதிதுபோல் மின்னும். ஏற்றத்தில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று வரும். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள்: வெடிப்போ உதிரும் பொடியோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். பைக்குள் இரண்டு மீட்டர் நைலான் கயிறு இருந்தால் எந்த ஷூவையும் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். கால்நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். முந்தின ராத்திரி ஒட்ட வெட்டினால் இறக்கத்தில் விரல் நுனி வலிக்கும்.

மழைக்கு

ஸ்கூட்டர் ரெயின்கோட் மழையைத் தடுக்கும், வியர்வையால் குளிப்பாட்டும், நடக்கும்போது கூப்பாடு போடும். காற்று போகும் மெல்லிய ஜாக்கெட் இருந்தால் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்தாக உருண்டால் சரி, பரவி ஊறினால் பூச்சு தேய்ந்துவிட்டது. அகலமான பாதையில் நம்ம கறுப்புக் குடையை மிஞ்ச எதுவும் இல்லை. பையையும் மூடும், காற்றும் வரும். உண்ணிச்செடியும் பிரம்பும் அடர்ந்த ஒற்றையடிப் பாதையில் அதை மடக்கி வையுங்கள். மதியத்துக்கு மேல் இடி இறங்கும் காலம் இது. புல்மேட்டில் குடை விரிக்கவும் கூடாது, அங்கே நிற்கவும் கூடாது.

பைக்கு மேலே மாட்டும் உறை முதுகுப் பக்கம் ஒழுகும். உள்ளுக்குள் ஒரு தடித்த பாலித்தீன் பை போட்டு வாயை முறுக்கிக் கட்டுவதே பலன் தரும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரத்துக்கு மழைக்காப்பு கட்ட விற்கும் பாலித்தீன் இதற்கு ஏற்றது. பல வருஷம் உழைக்கும். காய்ந்த செட் அதற்குள்: ஒரு ஜெர்சி, ஒரு அரைக்கால் சட்டை, சாக்ஸ் இரண்டு, ஒரு கைலி. வண்டிக்குத் திரும்பும்வரை தொடாதீர்கள்; உடம்பு நடுங்க ஆரம்பித்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பையில்

25 முதல் 30 லிட்டர் பை போதும். தண்ணீரோடு 7 கிலோவைத் தாண்டினால் எதையோ கூடுதலாக வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் 3 லிட்டர், ஸ்டீல் பாட்டிலில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குத் தடை உண்டு. காட்டு வாசலில் பார்ப்பார்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் உள்ள ஊர் இது. சாப்பாட்டுக்கு அவலும் கருப்பட்டியும், அல்லது அவித்த மரச்சீனி. சிப்ஸும் பழமும் வேண்டாம். ஏத்தங்காய் சிப்ஸ் நொறுங்கும் சத்தம் ஒரு பக்கம். பழுத்த வாழைப்பழமும் பலாவும் யானைக்குப் பிடித்த வாசனை என்பது மறுபக்கம்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். 10x50 கனம், மூச்சு வாங்கும் நேரத்தில் படம் நிற்காது. ஏசி காரிலிருந்து நேராக எடுத்தால் கண்ணாடியில் பனி படியும். இறங்குவதற்கு அரைமணி முன்பே ஏசியை அணையுங்கள். வெளிச்சம் போனால் திரும்ப, ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் நெற்றியில் கட்டும் ஹெட்லைட்டே போதும். முந்தின நாள் முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். கிரேப் கட்டு ஒன்று, உப்புசர்க்கரைக் கரைசல் பொடி இரண்டு, விசில் ஒன்று. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். நம் மாவட்டத்துக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செல்போன் பாதித் தடத்தில் செத்துவிடும் என்பதால் இறங்கும் நேரத்தை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் அடுக்கியதும் பையை மாட்டிக்கொண்டு முற்றத்தில் ஐந்தாறு தடவை குதியுங்கள். ஸ்டீல் பாட்டிலும் டப்பாவும் மோதினால் நடுவில் துவாலை சுற்றுங்கள். ஜிப்பின் உலோக நாக்கைக் கழற்றிக் கயிறு கட்டுங்கள். சாவிக்கொத்து வண்டியிலேயே இருக்கட்டும்.

மேல் பாக்கெட்டில் ஒரு சிட்டிகை இலவம்பஞ்சு, மழையில் அது நனைந்தால் வாசனையில்லாத திருநீறு. விரலால் தட்டிவிட்டுப் போகும் திசையைப் பாருங்கள். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரே திசையில் வீசும் காற்று, புரட்டாசியில் தளர்ந்து அலையும். பொதுவாக விடியலில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கிப் போகும். காலையில் கீழிருந்து மேலே ஏறுவது நமக்கு லாபம், பத்து மணிக்கு மேல் அதுவே நஷ்டம். காற்று முகத்தில் பட வேண்டும்; பிடரியில் பட்டால் வழிகாட்டியிடம் சொல்லி நில்லுங்கள். கொசு, உண்ணி மருந்தின் நெடியை மிளா பிடிக்குமே என்று தடவாமல் போகாதீர்கள். காற்று சரியாக இருந்தால் நெடி போய்ச் சேராது, சரியில்லை என்றால் மருந்து இல்லாமலும் உங்களைக் கண்டுபிடித்துவிடும்.

திரும்பியதும் உடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே வெந்நீரில் போடுங்கள். அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஷூவின் உள்பட்டையை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் திணித்து நிழலில் வையுங்கள்; மூன்று மணிக்கொரு முறை தாளை மாற்றினால் மறுநாள் காயும். வெயிலில் வைத்தால் பசை விடும். பைனாகுலரை ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் திறந்து வைத்து, பிறகுதான் பெட்டியில் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்பில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். அது புதர்ப் பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். மாத்திரைக்குச் சீக்கிரம் கட்டுப்படும். காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.