மக்காச்சோளக் கரிப்பூட்டை: வயலிலும் அடுப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவில் மழை பிடித்துக்கொண்டதும், ஜூலை, ஆகஸ்டு வாக்கில், தலைநகரின் லா மெர்செத் மாதிரிச் சந்தைகளில் நல்ல மக்காச்சோளக் கதிரைவிட நோய் பிடித்த கதிர் அதிக விலைக்குப் போகும். அந்த நோய்க்கு அங்கே வீட்லகோச்சே என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் கரிப்பூட்டை. உஸ்டிலாகோ மேடிஸ் என்ற பூஞ்சை மணிக்குள் புகுந்து அதை வீங்கிய பூண்டுப் பல் போல ஆக்கிவிடுகிறது. மேலே வெள்ளி கலந்த சாம்பல் தோல், உள்ளே கறுத்துக்கொண்டு வரும் சதை. இதை நோய் என்று பார்ப்பவர்களும் சரி, சாப்பாடு என்று பார்ப்பவர்களும் சரி, செய்கிற பெரிய தவறு ஒன்றுதான்: என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் செடியிலேயே விட்டுவைப்பது. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் வயலில் நடக்கும் மற்ற தவறுகள்.

கொப்புளத்தைப் பார்த்ததும் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வீண் செலவு. கொப்புளம் கண்ணில் படும்போது பூஞ்சை ஏற்கெனவே திசுவுக்குள் உட்கார்ந்துவிட்டது, மேலே தெளிப்பது அதைத் தொடாது. அடுத்த ஆண்டு விதை நேர்த்தி செய்தால் சரியாகிவிடும் என்று நம்புவதும் அப்படித்தான். சோளத்தில் வரும் மணிக்கரிப்பூட்டைக்கு விதையில் கந்தகத் தூள் கலந்து விதைப்பது பலன் தரும், ஏனென்றால் அங்கே நோய் விதையில் ஒட்டிக்கொண்டு நாற்றிலேயே ஏறுகிறது. மக்காச்சோளத்தில் கதை வேறு. மண்ணில் கிடக்கும் வித்துகள், அதாவது பூஞ்சை பரவுகிற நுண்ணிய தூள், காற்றிலும் மழைத் தெறிப்பிலும் வந்து, வளர்ந்து நிற்கும் செடியின் இளசான இடத்தில் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே புகும், புகுந்த இடத்திலேயே வீங்கும்.

அந்த வழிகளில் முக்கியமானது கதிர் நுனியில் முடிபோலத் தொங்கும் இழைகள். ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்குப் போகிறது. மகரந்தம் விழுந்து கருவுற்றதும் அந்த இழை வாடி, பாதை அடைபட்டுவிடும். வறட்சியோ கடும் வெயிலோ வந்து மகரந்தம் தாமதமானால் இழைகள் பச்சையாகவே காத்திருக்கும், அந்த இடைவெளியில் பூஞ்சை முந்திக்கொள்ளும். ஆகவே மருந்துக் கடைக்குப் போவதைவிட, தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்து, வயல் முழுக்க ஒரே சீராக முளைத்துப் பூக்கும்படி விதைத்து, பூக்கும் நேரத்தில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான தடுப்பு. இனிப்பு மக்காச்சோளத்தில் பல ரகங்களுக்கு இந்த நோய் சுலபமாக வரும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டுவதும், களை எடுக்கும்போது தண்டையும் தோகையையும் கீறிவிடுவதும் நோயைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற வேலை.

இதே பாதையைத் தெரிந்தே பயன்படுத்துபவர்களும் உண்டு. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் பட்டாக்கி போன்றவர்கள், இழை வெளிவரும் பருவத்தில் பூஞ்சைக் கரைசலைக் கதிருக்குள் ஊசி மூலம் செலுத்தி இதைப் பயிராகவே வளர்க்க முடியும் என்று காட்டினார்கள்.

இப்போது அந்தப் பெரிய தவறு. பூஞ்சை புகுந்து சுமார் 16 முதல் 20 நாளுக்குள் கொப்புளம் பறிக்கும் பதத்துக்கு வரும். கத்தியால் ஒன்றைக் கீறிப் பாருங்கள்: முழுக்க வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் நேரமாகவில்லை, மணம் ஏறியிருக்காது. பாதிக்கு மேல் கறுத்து, வெட்டிய இடம் ஈரமாக, விரலில் மை ஒட்டுகிற மாதிரி இருந்தால் அதுதான் சமையலுக்கான நேரம். இன்னும் சில நாள் போனால் உள்ளே இருப்பது உலர்ந்த கரித்தூள் ஆகிவிடும், வாயில் வைத்தால் கசக்கும், மாவு மாதிரி அப்பும். தோல் வெடித்துவிட்டால் சாப்பாடும் போச்சு, வித்து கோடிக்கணக்கில் வயலில் கொட்டி மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஆக, வேண்டாம் என்றாலும் தோல் முழுசாக இருக்கும்போதே பறித்து வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டு எருவாக வயலுக்கே திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

கதிரில் எந்தப் பூசணத்தைப் பார்த்தாலும், எந்தக் கரியைப் பார்த்தாலும் இதுதான் என்று நினைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மணிகளின் மேல் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படிந்திருந்தால் அது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையாக இருக்கலாம், அஃப்லாடாக்சின் என்ற கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக் கூடியது, சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூசணம் படர்ந்திருந்தால் ஃபுசேரியம் என்ற இன்னொரு பூஞ்சை என்று சந்தேகப்படுங்கள். கதிரும் ஆண் பூங்கொத்தும் மொத்தமாகக் கரித்தூளாகி, நடுவில் நார் நாராக நின்றால் அது தலைக்கரிப்பூட்டை, வேறு நோய், வீட்லகோச்சே ஆகாது. நல்ல கொப்புளம் மணியே வீங்கியதாக, இழுத்துப் பிடித்த தோலோடு, மேலே வேறு பூசணம் எதுவும் இல்லாமல் இருக்கும். பூச்சிமருந்து அடித்த வயலில் இருந்தால் அதையும் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் தூக்கி எறிவதில் தயங்கவே வேண்டாம்.

அடுப்பில் நடக்கும் தவறுகள் எளிதில் திருத்தக்கூடியவை. தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், கதிரிலிருந்து பிய்த்து, இழைகளை எடுத்துவிட்டு, சட்டென்று அலசினால் போதும். மெக்சிகோவில் வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கி, கொப்புளங்களைப் போட்டு, எப்பசோத்தே என்ற காரமணமுள்ள கீரையைக் கிள்ளிப் போடுவார்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, அதுவே கறுப்புச் சாறு நிறைய விடும். அந்தச் சாற்றைப் பார்த்துப் பயந்து வடித்துவிடுகிறார்கள், மணமே அதில்தான் இருக்கிறது. மூடாமல் சுண்டவிட்டு, சீஸோடு மக்காச்சோள ரொட்டிக்குள் மடித்தால் கேசதீயா. மசாலா அள்ளிப் போட்டு இதை அமுக்கிவிடுவதும் பாவம்தான், ஏனென்றால் இதன் மணத்தில் சோட்டலான் என்ற பொருள் இருக்கிறது, நம் வெந்தயத்துக்கு மணம் தருவதும் அதுவே. சாதாரண மக்காச்சோளத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலமும் இதில் கூடுதல்.

கடைசியாக, அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஆசையில் ஒரு பச்சைக் கதிரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியாவில் செடி சார்ந்த பொருளைக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது, அதை விடுங்கள், ஒரு கொப்புளம் வெடித்தால் யாருடைய காட்டுக்கு அந்த வித்து போகும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மெக்சிகோக் கடைகளில் டின்னில் கிடைக்கும். வெந்துவிட்டதால் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும், வெங்காயம் நன்றாக வதங்கிய பிறகு போட்டு, தீயைக் கூட்டி, ஈரம் வற்றும்வரை கிளறினால் தேறிவிடும்.