மலிவான, இலகுவான வேட்டை ரைபிள்: தேர்வும் திருத்தமும்

கடையில் சீட்டில் எழுதியிருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. காட்டில் நம் தோளில் தொங்கப்போவது வேறு எடை. 6.2 பவுண்டு, அதாவது 2.8 கிலோ என்று போட்டிருக்கும் ரைபிளோடு 350 கிராம் ஸ்கோப்பைச் சேருங்கள். அதைப் பிடிக்கும் வளையங்களும் பேஸும் ஒரு 150 கிராம், தோள்வார் இன்னொரு 150, நான்கு .308 தோட்டாக்கள் 100. மொத்தம் மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டது. இதே துப்பாக்கியில் 56 மி.மீ. கண்ணாடி கொண்ட பெரிய ஸ்கோப்பைப் பூட்டினால் நான்கு கிலோ. கனடாவின் வடக்கிலும் ஒதுக்குப்புறங்களிலும் காவல் செய்யும் பகுதிநேரப் படையினரான கனேடியன் ரேஞ்சர்கள் 1947 முதல் சுமந்த பழைய லீ-என்ஃபீல்டு ரைபிளும் ஏறத்தாழ அந்த எடைதான். பிறகு எதற்கு இலகு ரைபிள்?

ஆகவே இந்தக் குறிப்பு முழுவதும் ஒரே பிடிவாதத்தில்தான் போகும்: குறைத்த எடையைத் திரும்ப ஏற்றாதீர்கள், மிச்சப்படும் பணத்தைத் துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்துவதற்குச் செலவிடுங்கள்.

நான் எழுதுவது ஒன்ராறியோவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக. துப்பாக்கி உரிமம், அவுட்டோர்ஸ் கார்ட், மானுக்கான டேக், செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். பாதுகாப்பு வகுப்பில் படித்ததையும் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: கீழே சொல்லும் எந்த வேலைக்கும் முன்னால் மகசினைக் கழற்றி, போல்ட்டை வெளியே எடுத்து, தோட்டா அறைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

முதலில் தோட்டா, பிறகு துப்பாக்கி

பலர் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்து மயங்கிய பிறகு தோட்டாவைப் பற்றி யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். தெற்கு ஒன்ராறியோவின் பல கவுண்டிகளில் .275 அளவுக்கு (குழல் விட்டம், அங்குலத்தில்) மேற்பட்ட ரைபிளோடு வேட்டையாட அனுமதியில்லை. சில இடங்களில் மான் வேட்டைக்கு ரைபிளே கூடாது, ஷாட்கன்னும் குழலின் வாய்வழியே வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கியும்தான். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தில் நீங்கள் போகும் வட்டாரத்தின் எண்ணைத் தேடிப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் தேர்வு 6.5 கிரீட்மோர். 2007இல் வந்த தோட்டா; 6.5 என்பது மி.மீ. கணக்கு, ஆகவே மேற்சொன்ன அளவுக்குள் அடங்குகிறது; பின்னுதைப்பு .308ஐ விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இலகு துப்பாக்கியில் இது பெரிய விஷயம். துப்பாக்கியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் உதையின் ஆற்றல் கால்பங்கு கூடும். இயற்பியலிடம் சலுகை கிடையாது. மூஸ் வேட்டைக்கும் ஆசை இருந்தால், வட்டார விதியும் இடம் கொடுத்தால், 1952 முதல் இருக்கும் .308 போதும். முதல் துப்பாக்கியாக மேக்னம், அதாவது மருந்து அதிகமுள்ள தோட்டாவைச் சுடும் வகை, எதையும் வாங்காதீர்கள். இரண்டரைக் கிலோ மேக்னம் ரைபிளில் பழகியவர்கள் விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடப் பழகிவிடுகிறார்கள்.

துப்பாக்கி

சாவேஜ் ஆக்சிஸ், ருகர் அமெரிக்கன், மோஸ்பெர்க் பேட்ரியட், வின்செஸ்டர் எக்ஸ்பிஆர்: மலிவு வரிசையில் கடைகளில் அதிகம் கிடைப்பவை இவைதான். இதற்கு மேல் ஒரு படி ஏறினால் பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட். ரேஞ்சர்களின் லீ-என்ஃபீல்டுக்குப் பதிலாக வந்த சி19 இந்த டிக்காவின் உறவுதான். உரிமம் பெற்று ஒன்ராறியோவின் கிச்சனர் நகரிலேயே தயாரித்தார்கள். பணம் இருந்தால் டிக்காவை வாங்குங்கள், இந்தக் குறிப்பில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. இல்லாவிட்டால் சாவேஜில் அக்யூட்ரிகர் என்ற திருத்தக்கூடிய விசை உள்ள மாதிரியோ ருகர் அமெரிக்கனோ. இரண்டிலும் விசையின் கனத்தை நாமே குறைக்கலாம், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியதில்லை.

கடையில் எண்களைக் கேட்பதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்: முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, பின்கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். விரலின் முதல் கணு விசையில் தாராளமாகப் படிய வேண்டும். இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் விசையிலிருந்து கட்டை முனைவரை 13.75 அங்குலம். ஐந்தரை அடி உயரமுள்ள நம்மவர்களுக்கு, அதுவும் நவம்பரில் தடித்த கோட்டுக்கு மேல், அது நீளம். ருகரின் முதல் தலைமுறைக் காம்பாக்ட் மாதிரியில் 12.5 அங்குலம், குழல் 18 அங்குலம். "அது சிறுவர்களுக்கானது" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அதையே வாங்குங்கள். அடர்ந்த காட்டில் குட்டைக் குழலின் அருமை தெரியும்.

நீளக் குழலை வாங்கி வீட்டில் அறுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அறுத்த பிறகு குழல் 457 மி.மீ.க்குக் கீழே போனால் கனேடியச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

முன்கட்டை: அதிக நேரம் இங்கேதான்

மலிவு ரைபிளின் குழலும் போல்ட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விலையைக் குறைத்த இடம் கட்டை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக். முன்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வெறும் குறுக்குத் தடுப்புகள். கையால் அழுத்தினாலே குழலைப் போய்த் தொடும். அப்படித் தொட்டால், மணல் பையில் வைத்துச் சுடும்போது ஓரிடத்திலும் கையில் பிடித்துச் சுடும்போது வேறோரிடத்திலும் குண்டு விழும். ஸ்கோப்பைக் குறைசொல்லி மாற்றுபவர்களில் பலருக்கு நோய் இங்கேதான்.

சோதிப்பது எளிது. ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் நுழைத்து, முனையிலிருந்து ரிசீவர்வரை, அதாவது குழல் பொருந்தியிருக்கும் நடு உலோகப் பகுதிவரை, இழுத்துக்கொண்டு போங்கள். டொலர் நோட்டால் செய்யச் சொல்வார்கள். அது அமெரிக்கக் காகித நோட்டு. நம் பிளாஸ்டிக் நோட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும், சாதாரணத் தாளே நல்லது. பிறகு முன்கட்டையை மணல் பையில் வைத்து, நீங்கள் சுடும்போது அழுத்துகிற அளவுக்கு அழுத்திக்கொண்டு இன்னொரு முறை இழுங்கள். முதல் முறை ஓடிய தாள் இரண்டாம் முறை சிக்கினால் கட்டை வளைகிறது என்று பொருள்.

சாதாரணமாகவே தொட்டால்: துப்பாக்கியைக் கட்டையிலிருந்து கழற்றி, குழலைவிடச் சற்றுப் பருத்த சாக்கெட் ஒன்றில் 80ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி, தொடும் பக்கத்தை மட்டும் தேயுங்கள். பிறகு 180ஆம் எண். முன் திருகாணிக்கு அருகே, ரிசீவர் அமரும் இடத்தில் கை வைக்கவே கூடாது. ருகரில் அந்த இடத்தில் உலோகக் கட்டிகள் பதித்திருக்கும். துல்லியமே அவற்றில்தான் இருக்கிறது.

அழுத்தினால் மட்டும் தொட்டால் உள்ளே விறைப்பு ஏற்ற வேண்டும். கார்பன் அம்புத் தண்டிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, முன்கட்டையின் உள்ளே நீளவாக்கில் படுக்கவைத்து, எபாக்சி ஊற்றுவதுதான் வழி. கேட்க எளிதாக இருக்கும். வழவழப்பான இந்தப் பிளாஸ்டிக்கில் எபாக்சி ஒட்டாது என்பதுதான் சிக்கல். ஊற்றிய மறுநாள் பாறைபோல் இருக்கும். குளிரில் சில வாரம் அலைந்து திரிந்தபின் தட்டிப் பார்த்தால் உள்ளே கடகடவென்று ஆடும். ஆகவே ஊற்றும் முன் உட்புறம் முழுவதையும் முரட்டு உப்புத்தாளால் வெள்ளை பூக்கும்வரை கீறுங்கள். ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு குறுக்குத் தடுப்பிலும் சிறு சிறு துளைகள் போடுங்கள். எபாக்சி அந்தத் துளைகளின் வழியே புகுந்து இறுகும்போது ஒட்டாவிட்டாலும் பூட்டிக்கொள்ளும். அம்புத் தண்டையும் தேய்க்க வேண்டும், அதன் இரு முனைகளையும் டேப்பால் அடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் எபாக்சி முழுவதும் குழாய்க்குள் போய் எடை ஏறும். குழல் படும் மட்டத்துக்கு நான்கைந்து மி.மீ. கீழேயே நிறுத்துங்கள். மெதுவாக இறுகும் வகை எபாக்சிதான் வேண்டும். ஐந்து நிமிட வகையை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அளவாகச் செய்தால் நூறு கிராமுக்குள் முடியும்.

மரப் பலகைகளை ஒட்டிச் செய்த அழகான லேமினேட் கட்டை வாங்கலாமே என்பார்கள். விறைப்பு உண்டு, அழகு உண்டு, எடையும் உண்டு. இலகு ரைபிளுக்கு வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது துப்பாக்கியை நிமிர்த்தி, பின்கட்டை தரையில் ஊன்ற, முன் திருகாணியை முதலில் இறுக்குங்கள். எவ்வளவு என்பது உங்கள் மாதிரியின் கையேட்டில் அங்குல-பவுண்டில் இருக்கும். இதற்காகவே முறுக்குவிசை காட்டும் ஸ்குரூடிரைவர் ஒன்றை வாங்குங்கள். இந்தக் குறிப்பைப் படித்து ஒரே ஒரு கருவி வாங்குவதானால் அதுதான்.

ஸ்கோப்

3-9x40 போதும்; மூன்று முதல் ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. கண்ணாடி என்று பொருள். பான்கிராஃப்ட் பக்கத்துக் காடுகளில் நூறு மீட்டருக்கு மேல் மானைக் காண்பதே அரிது; 2-7x33 இன்னும் நல்லது, இன்னும் இலகு.

பேஸின் திருகாணிகளையும் துளைகளையும் ஆல்கஹாலால் துடைத்து, திருகாணி தளராமல் பிடிக்கும் நீலநிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம், பின்னாளில் கழற்ற முடியாது.

பிறகு சேர்த்தது: பேஸைப் பூட்டியபின் போல்ட் மூடவில்லை என்று ஒருவர் எழுதிக் கேட்டார். முன் திருகாணி அளவுக்கு மீறி நீளமாக இருப்பதால் போல்ட்டின் முனையில் துருத்தி நிற்கும் காதுகளில் முட்டுகிறது. பொட்டலத்தில் இரு நீளங்களில் திருகாணிகள் இருந்தால் குட்டையானது பெரும்பாலும் முன் துளைக்கு. ஒவ்வொரு திருகாணியை இறுக்கியதும் போல்ட்டைப் போட்டு மூடிப் பாருங்கள்.

அடுத்தது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம். இலகு ரைபிள் துள்ளிப் பின்னால் வரும். ஸ்கோப் அருகில் இருந்தால் அதன் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் முத்திரை குத்திவிடும். மேல் வளையங்களைத் தளர்வாக வைத்துக்கொண்டு, உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் வியர்த்தாலும் பரவாயில்லை. கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரியும்வரை ஸ்கோப்பை நகர்த்துங்கள். பிறகு கோட்டைக் கழற்றி, சட்டையோடு தரையில் படுத்துப் பாருங்கள். இந்த நிலையில் தலை முன்னே வரும், கண் ஸ்கோப்பை நெருங்கும். இரு நிலைகளிலும் படம் முழுதாகத் தெரிகிற இடங்களில் ஆக முன்னால் இருப்பதே சரியான இடம். கன்னம் கட்டையில் படியாமல் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் ஒட்டு நுரைப்பட்டை ஒன்றைக் கட்டையின் மேல் ஒட்டுங்கள். விலை சொற்பம், எடை இல்லை.

குறுக்குக் கோடு நேராக நிற்க, எதிர்ச் சுவரில் ஒரு நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டப்பலகையால் சமன்செய்து, நிமிர்கோட்டை நூலோடு ஒட்டவையுங்கள். வளையத் திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக 15 முதல் 18 அங்குல-பவுண்டுவரை இறுக்குங்கள். உங்கள் வளையத்தின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும்.

விசை

தொழிற்சாலை தந்த திருகாணியால் மட்டும் குறையுங்கள். மூன்று பவுண்டுக்குக் கீழே வேண்டாம்; கையுறை போட்ட விரலுக்கு அதற்குமேல் நயம் தெரியாது. ஸ்பிரிங்கை வெட்டுவது, உள் உறுப்புகளைத் தேய்ப்பது பற்றிய காணொளிகளைப் பார்க்காமலே கடந்துவிடுங்கள். சரிசெய்தபின், வெறும் துப்பாக்கியில் போல்ட்டை ஓங்கி மூடுங்கள். பின்கட்டையை ரப்பர் பாயில் தட்டுங்கள். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி தானாக விழுந்தால் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள்.

குறி பார்த்தல்

சுடும் களத்தில் போல்ட்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மணல் பைகளில் அசையாமல் அமர்த்தி, பின்பக்கத்திலிருந்து குழலின் துளை வழியே பாருங்கள். 25 கஜத்தில் உள்ள இலக்கு அட்டை வட்டத்தின் நடுவே தெரியும்படி வைத்து, துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அதே இடத்துக்குத் திருகுங்கள். லேசர் கருவி வாங்க வேண்டியதில்லை. அங்கே ஒரு குண்டு சுட்டுத் திருத்தி, பிறகு 100 கஜம். கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு, 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம்) ஸ்கோப்பில் திருகின் ஒரு சொடுக்கு 100 கஜத்தில் கால் அங்குலம். 25 கஜத்தில் அதில் நாலில் ஒரு பங்கு. ஓர் அங்குலம் நகர்த்த அங்கே 16 சொடுக்குகள் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, திருகு பழுது என்று நினைக்கிறார்கள்.

மெல்லிய குழல் விரைவில் சூடேறும், குண்டுகள் விலகத் தொடங்கும். மூன்று சுட்டதும் போல்ட்டைத் திறந்துவைத்து, குழலைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிறவரை காத்திருங்கள். மானின் மேல் பாயப்போவது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு. எனவே அடுத்த முறை களத்துக்குப் போகும்போது முதல் குண்டு விழுந்த இடத்தைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

குளிர்

தொழிற்சாலை போல்ட்டுக்குள் பூசி அனுப்பும் எண்ணெய் உறைபனியில் பிசினாகி, ஊசி மந்தமாக அடித்து, தோட்டா வெடிக்காமல் போகலாம். கையேட்டின்படி போல்ட்டைப் பிரித்து, கரைப்பானால் கழுவி, உலரவிட்டு, துணியில் தொட்ட அளவு மெல்லிய எண்ணெய் தடவுங்கள். மாலையில் குடிலுக்குத் திரும்பியதும் தோட்டாக்களை வெளியில் எடுத்து, துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அறைச் சூட்டுக்கு வரும்வரை பெட்டியைத் திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் குழலிலும் ஸ்கோப்பிலும் ஈரம் படிந்து, விடியற்காலையில் வெளியே போனதும் உறைந்துவிடும்.