குரல்வளையை விரலால் தொட்டு அறியும் முறை

திருவையாற்றிலும் மயிலாடுதுறையிலும் வாய்ப்பாட்டுப் பயில்வோர் பலர் மேல் சட்ஜத்தை (மேல் ‘ஸ’ சுரத்தை) எட்டுவதற்காக முகவாயை உயர்த்துகிறார்கள். சுருதியை ஏற்றும் உறுப்பு எங்கே எப்படி இயங்குகிறது என்பதை விரலால் தொட்டறிந்தவருக்கு அது வீண் சிரமம் என்பது விளங்கும்.

கண்ணாடி முன் நிமிர்ந்து அமர்ந்து உமிழ்நீரை விழுங்குங்கள். அப்போது கழுத்தில் மேலேறி இறங்குவதே குரல்வளை, ஊர்ப்பேச்சில் சங்கு. அதன் மேல் விளிம்பில் சுட்டுவிரலுக்கு ஒரு வெட்டு தட்டுப்படும். அது கேடயக் குருத்தெலும்பின் உச்சி. அதன் இரு தகடுகளும் ஆண்களிடம் ஏறத்தாழ 90 பாகையிலும் பெண்களிடம் ஏறத்தாழ 120 பாகையிலும் கூடுவதால், பெண்களுக்கு இம்மேடு எளிதில் புலப்படாது. அவர்கள் தொண்டைக்குழியிலிருந்து மேல்நோக்கித் தடவிச் செல்வது நல்லது.

உச்சியிலிருந்து நடுக்கோட்டிலேயே கீழிறங்கினால் ஒரு சிறு பள்ளமும், அதற்கு அடியில் கெட்டியான வளையக் குருத்தெலும்பும் தென்படும். பக்கவாட்டில் அழுத்தக் கூடாது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் அங்கே உள்ளன.

இனிச் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, விரல் நுனியைப் பள்ளத்தில் வைத்தபடி, மத்திய சட்ஜத்திலிருந்து (நடு ‘ஸ’விலிருந்து) மேல் சட்ஜம் வரை அகாரமாக, அதாவது ‘ஆ’ என்று மட்டும் ஒலித்துப் பாடுங்கள். பள்ளம் குறுகுவதை உணரலாம். இரு குருத்தெலும்புகளையும் இணைக்கும் தசை சுருங்கி அவற்றை முன்புறத்தில் நெருங்கச் செய்வதால், கேடயத்தின் உட்புறத்திலிருந்து பின்னோக்கிச் செல்லும் குரல் நாண்கள், பிருடையை (முறுக்காணியை) முறுக்கிய தம்புராத் தந்திபோல இறுகுகின்றன. தந்தியைப் போலன்றி அவை நீளவும் செய்கின்றன. ஒரு கட்டைச் சுருதியில் (‘கட்டை’ என்பது பாடகர் தம் ‘ஸ’வை வைத்துக்கொள்ளும் உயரத்தின் அளவு) பாடும் ஆணின் நாண்கள் மத்திய சட்ஜத்தில் நொடிக்கு ஏறத்தாழ 131 முறையும் மேல் சட்ஜத்தில் 262 முறையும் அதிர்கின்றன. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அவை 196, 392. இவ்வளவு வேலையும் உள்ளே நடக்கும்போது முகவாய்க்கு அங்கே பணி எதுவும் இல்லை. அதை மட்டமாக வைத்து மீண்டும் பாடிப் பாருங்கள்.

நாண்களைத் தொட முடியாது, பார்க்க முடியும். மானுவல் கார்சியா என்ற, பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் 1854இல் சிறு கண்ணாடியால் தம் நாண்களையே பார்த்தார். தியாகராஜர் ஆராதனைக் காலமும் சம்பா அறுவடைத் தூசியும் சேர்ந்துவரும் தை மாதத்தில் குரல் கம்முவது இயல்பு. ஆனால் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், கஷாயத்தை நம்பியிராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் காட்டிவிட வேண்டும்.