கேமரன் மலையில் தேயிலைச் சரிவைப் படமெடுக்க

மலேசியாவில், அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து கேமரன் மலை மேலிருக்கும் தானா ராத்தா ஊருக்கு சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. பள்ளி விடுமுறையில் பாதை நெரிசலில் திணறும். சாதாரண வார நாளில், முந்தைய மாலையே போய்த் தங்குங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் நம்ப முடியாது.

விடிவது ஏழு மணிக்கு மேல்தான். ஆறேகாலுக்கே முக்காலியை நிறுத்திவிடுங்கள். மண் பொதபொதவென்று இருக்கும். முக்காலியின் கால்களை அழுத்திப் பதிக்காவிட்டால், ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும் எக்ஸ்போஷரில் படம் ஆடிவிடும். சரிவின் வரிசைகளை நெருக்கிக் காட்ட 70-200 மி.மீ. டெலி லென்ஸ்தான் சரி. அகல லென்ஸில் வரிசைகள் சிறுத்துப் போகும்.

லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்று தொடங்குங்கள். பனிமூட்டத்தை கேமரா சாம்பலாக்கிவிடும், ஏனென்றால் அதன் ஒளி மீட்டர் வெண்மையை நடுத்தரமாகக் கணக்கிடுகிறது. எக்ஸ்போஷர் திருத்தத்தை +2/3 முதல் +1 வரை கூட்டுங்கள். காற்றில் கொழுந்து அசைந்தால் ஐஎஸ்ஓ 400க்கு ஏற்றி ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் குறையாமல் எடுங்கள். ஈர இலையின் பளபளப்பு பச்சையை விழுங்கும். லென்ஸின் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பினால் இலையின் நரம்பு வரை தெரியும். அந்தக் கணத்தில் நிறுத்துங்கள், இன்னும் திருப்பினால் மினுமினுப்பே செத்துவிடும்.

வரிசைக்குள் இறங்காதீர்கள், செடி முறியும். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் வேலை நேரம்.

குளிரிலிருந்து தாப்பாவின் வெக்கைக்கு இறங்கியதும் லென்ஸில் நீர் கோக்கும். மலையிலேயே கேமராவை ஜிப் பையில் அடைத்து, பை சூடேறும் வரை திறக்காதீர்கள்.